திரையில் சிந்தும் இரத்தத்தின் விலை

நார்த்தாமலையில் மேலமலைமீது ஏறினால், பாறைச் சரிவில் தனித்து நிற்கிறது விஜயாலய சோழீசுவரம். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை அங்கே அமர்ந்திருந்தபோது ஐந்தாறு இளைஞர்கள் வந்தனர். கைப்பேசியில் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் இசையை ஒலிக்கவிட்டு, கோயிலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டனர். 1965-இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அன்று. 2010 பொங்கலுக்கு வெளியான செல்வராகவனின் படம். அவர்களில் ஒருவர் என் பழைய மாணவரின் மகன். "இப்படி ஒரு படத்தை அன்னைக்கு ஏன் சார் யாரும் கொண்டாடல?" என்று கேட்டார்.

உடன் வந்திருந்த அவருடைய தாயார் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இவனுக்கு அப்ப ஏழு வயசு சார். பொங்கலுக்குப் புதுப்படம்னு கூட்டிட்டுப் போனோம். வாசல்ல யாரும் ஒண்ணும் சொல்லல. அந்த ரத்தத்தைப் பாத்துட்டு ரெண்டு மூணு நாள் ராத்திரி அலறிக்கிட்டு எந்திரிச்சான். பாதிப் படத்திலேயே வெளியே வந்துட்டோம். இப்ப என்னடான்னா கொண்டாடணுங்கிறான்" என்றார். மகன் சிரித்தார். "எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல சார்."

ஒரே படம், ஒரே குடும்பம், நேர் எதிரான இரண்டு கருத்துகள். இரண்டில் எது சரி? இரண்டுமே சரி என்பதுதான் என் எண்ணம். அப்படியானால், கொடூரக் காட்சிகள் நிறைந்த ஒரு படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் சொல்லும் கருத்தை நாம் எப்படி எடைபோடுவது? திரையில் இரத்தம் ஆறாக ஓடுவதே வெற்றிக்கான சூத்திரமாக மாறிவிட்ட இன்றைய சூழலில், இக்கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

கருத்துக்கும் சந்தை உண்டு

'ஆயிரத்தில் ஒருவன்' திகில் படம் என்ற வகைக்குள் முழுதாக அடங்காது. 1279-இல் பாண்டியர் படையெடுப்பின்போது சோழ இளவரசன் ஒருவன் தன் மக்களுடனும், பாண்டியரின் குலதெய்வச் சிலையுடனும் கண்காணாத நிலத்துக்குத் தப்பிச் செல்கிறான். அவன் வழிவந்தவர்கள் குகைகளில் பசியோடும் பித்தோடும் இன்றும் வாழ்கிறார்கள் என்பது கற்பனைக் கதை. அவர்களைத் தேடிச் செல்லும் குழுவினர் ஒவ்வொருவராக மடிவதும், சிறைப்பட்டவர்களைக் களத்தில் நிறுத்திக் கொல்வதும், இறுதிப் போரும் பார்ப்போரின் வயிற்றைப் புரட்டக்கூடியவை. சோழர்களை இப்படிக் காட்டலாமா என்று வரலாற்று ஆர்வலர்கள் அன்று சினந்தனர். பண்டிகை நாளில் குடும்பத்தோடு சென்றவர்கள் அதிர்ந்தனர். படம் சுமாரான வரவேற்பையே பெற்றது.

இதன் பின்னால் ஒரு பொருளியல் செய்தி இருக்கிறது. படத்தின் உண்மையான தயாரிப்புச் செலவு 18 கோடி ரூபாய்தான் என்றும், பிரம்மாண்டமான படம் என்று எண்ணவைப்பதற்காக 32 கோடி என்று அறிவித்துவிட்டதாகவும், அது மடமை என்றும் 2021-இல் செல்வராகவனே வெளிப்படையாக எழுதினார். உண்மைச் செலவை ஈட்டிய பிறகும், உயர்த்திச் சொல்லப்பட்ட தொகையோடு ஒப்பிடப்பட்டதால் படம் 'சுமார்' என்று பெயர் வாங்கிவிட்டது. பொய்ச் செய்தி விற்பவனையே திருப்பிச் சுட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததில்லை.

திரைப்படம் என்பது நுகர்ந்த பிறகே தரம் தெரியும் பண்டம். கத்தரிக்காயைப்போல் அழுத்திப் பார்த்து வாங்க முடியாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நேரும் என்பதை 1970-இல் பழைய கார்ச் சந்தையை முன்வைத்து விளக்கியவர் ஜார்ஜ் அகர்லாஃப். அதற்காகவே பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். திரைச் சந்தையில் வாங்குபவர் பற்றிக்கொள்ளும் ஊன்றுகோல்கள் நாயகனின் பெயர், முன்னோட்டக் காட்சி, செலவுத் தொகை, முதல் நாள் வசூல் ஆகியவைதாம். இவை எவையும் படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஆகவே முதல் வாரக் கருத்து என்பது பெரும்பாலும் படத்தைப் பற்றிய கருத்து அன்று. எதிர்பார்த்து வந்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றிய கருத்து. பொங்கல் கொண்டாட்டத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு மண்டையோடுகளைக் காட்டினால் வேறென்ன சொல்வார்?

காலம் அந்த எதிர்பார்ப்பைக் கழுவிவிடுகிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. எட்டு மாதங்களில் இப்படம் வந்தது. சுற்றிவளைக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், பசித்த குழந்தைகள், சீரழிக்கப்படும் பெண்கள், எவரும் வந்து காப்பாற்றாத அரசன் என்று அமைந்த இறுதிப் பகுதியை ஈழத்தின் நிழலாகப் பலர் படிக்கத் தொடங்கினர். தொலைக்காட்சியிலும் குறுந்தகட்டிலும் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு தலைமுறை அதைத் தன் படமாக்கிக்கொண்டது. 2021 டிசம்பர் 31 அன்று மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது இளைஞர்கள் திரண்டு வரவேற்றனர்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ராஹி அனில் பர்வே இயக்கிய 'தும்பாட்' என்னும் இந்தித் திகில் படம் 2018 அக்டோபரில் வந்தபோது எளிய வசூலோடு நின்றது. 2024 செப்டம்பரில் மறுவெளியீடு கண்டு, முதல் ஓட்டத்தைவிட அதிகமாக ஈட்டியது. 1981-இல் சாம் ரைமி மிகக் குறைந்த செலவில் எடுத்த 'ஈவில் டெட்', பிரிட்டனில் வீடியோ நாடாக்களுக்கு எதிரான பெரும் பீதியில் சிக்கி, வழக்குக்குரிய படங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பீதியின் விளைவாகவே 1984-இல் அங்கே வீடியோ பதிவுகளுக்கான தனிச் சட்டம் வந்தது. அதே இயக்குநர்தான் பின்னாளில் உலகக் குழந்தைகள் கொண்டாடிய 'ஸ்பைடர்மேன்' படத்தை எடுத்தார். எண்பதுகளில் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி 'ஈவில் டெட்' பார்த்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அந்த இரவில் கொல்லைப்புறம் போக எவருக்கும் துணிவில்லை. மறுநாள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இரத்தம் நமக்குப் புதிதா?

கொடூரக் காட்சிகள் மேலைநாட்டிலிருந்து வந்த நோய் என்று சிலர் எழுதுகின்றனர். தமிழ் படித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளில் நகை, உவகை ஆகியவற்றோடு அச்சத்தையும் இளிவரலையும் சேர்த்தே வைத்தது. அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொன்னது. பேய்க்கு அஞ்சுவதோடு ஆள்பவருக்கு அஞ்சுவதையும் ஒரே வரிசையில் வைத்த அந்த நுட்பம் வியப்புக்குரியது.

முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாடிய செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பிணங்களைக்கொண்டு பேய்கள் கூழ் சமைத்துப் பரிமாறி உண்கின்றன. இன்றைய எந்தத் தணிக்கை அதிகாரியும் அந்தப் பகுதியை அப்படியே திரையில் விடமாட்டார். தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குப் படைக்கும் வீரனின் நவகண்டச் சிற்பங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் நிற்கின்றன. நார்த்தாமலையின் குன்றுகளில் ஒன்றுக்கே ஆளுருட்டிமலை என்று பெயர். குற்றவாளிகளை மேலிருந்து உருட்டிவிட்ட மலை என்பது ஊர் வழக்கு. அது உண்மையோ கதையோ, இங்கு வளரும் எந்தக் குழந்தையும் "ஏன் அந்தப் பேர்?" என்று ஒரு நாள் கேட்காமல் இருப்பதில்லை. பாட்டிமார் ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிடுவர். உருண்டவனின் உடம்பு என்னவாயிற்று என்று விரித்துரைப்பதில்லை. கேட்பவரின் வயதை அறிந்து சொல்லும் அளவும் தணிக்கைதான். அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. பரணி ஒரு பெரும்போரின் முடிவில், வளர்ந்தோர் கேட்கப் பாடப்பட்டது. நவகண்டம் தந்தவனுக்கு ஊர் சிலை வைத்தது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டு, பெயரும் செயலும் பொறித்தது. எவர் இரத்தம், எதற்காகச் சிந்தியது, யார் இழந்தார் என்ற கணக்கு அங்கே எழுதப்பட்டிருந்தது. அதாவது, இரத்தத்துக்கு விலை இருந்தது.

விலையுள்ள இரத்தமும் விலையில்லா இரத்தமும்

நாற்பதாண்டுக் காலம் விலைக் கோட்பாட்டைக் கற்பித்தவன் என்பதால் இப்படித்தான் எனக்குச் சிந்திக்கத் தெரிகிறது. ஒரு படத்தில் எத்தனை லிட்டர் இரத்தம் சிந்துகிறது என்பது முதல் கேள்வி அன்று. அந்த இரத்தத்துக்குப் படத்துக்குள் யாராவது விலை கொடுக்கிறார்களா என்பதே கேள்வி. கொல்லப்பட்டவனுக்கு ஒரு தாய் உண்டா? கொன்றவனின் உறக்கம் கெடுகிறதா? அடுத்த காட்சியில் அந்த மரணம் எவருக்காவது நினைவிருக்கிறதா?

'ஆயிரத்தில் ஒருவன்' இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுகிறது. முற்பகுதியில் நாம் அருவருத்த அந்தக் குகை மக்களுக்காகவே பிற்பகுதியில் நம்மை அழவைக்கிறது. கொடுமை செய்தவர்கள் கொடுமைக்கு ஆளாகிறார்கள். பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் போகிறது. 'தும்பாட்' படத்தின் கோரம் முழுவதும் பேராசைக்கான வட்டி. ஒவ்வொரு பொற்காசுக்கும் உடம்பால் விலை கொடுக்கப்படுகிறது; மகன் தந்தையைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறான் என்பதுதான் அதன் உண்மையான திகில். பொருளியல் பாடத்திட்டத்தில் சேர்க்கத் தகுந்த படம்.

இதற்கு மாறாக, அண்மைக்கால நட்சத்திரப் படங்கள் பலவற்றில் இரத்தம் இலவசம். நாயகன் ஒரே காட்சியில் முப்பது பேரைச் சாய்க்கிறான். அந்த முப்பது பேருக்கு முகமில்லை, ஊரில்லை. வெட்டப்பட்ட தலை உருளும்போது பின்னணி இசை எழும்புகிறது, அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அடுத்த காட்சியில் நாயகன் பேரனைக் கொஞ்சுகிறான். பொருளியலில் விலையில்லாப் பண்டத்தின் நுகர்வுக்கு வரம்பில்லை என்பது பாலபாடம். அதனால்தான் ஒவ்வொரு படமும் முந்தையதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சிந்த வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் வெளியான 'மார்கோ' என்னும் மலையாளப் படம், இந்தியாவின் மிகக் கொடூரமான வன்முறைப் படம் என்றே விளம்பரம் செய்துகொண்டது. கொடூரமே தரச்சான்றாக மாறிய நிலை அது.

இந்த அளவுகோல் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் வந்த மிஷ்கினின் 'சைக்கோ', பெண்களின் தலையைக் கொய்யும் கொலைகாரனுக்கும் ஒரு காயப்பட்ட குழந்தைப்பருவத்தைக் கொடுத்து, அவனை மன்னிக்கும் இடத்தில் போய் நிற்கிறது. அது கருணை என்றனர் சிலர்; கொலையுண்ட பெண்களின் கணக்கு எங்கே என்று கேட்டனர் வேறு சிலர். இரண்டாவது கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது. 'ஆயிரத்தில் ஒருவ'னிலும் பெண்கள்மீதான வன்கொடுமையைக் கேமரா தேவைக்கு மேல் நின்று பார்க்கிறது என்ற குற்றச்சாட்டை மறுப்பது கடினம். விலை உண்டு என்று சொல்லியே எதையும் விற்றுவிடலாம் என்ற ஆபத்தும் உண்டு. ஆனாலும், கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சட்டம் என்ன செய்கிறது?

வியப்பு என்னவென்றால், நம் சட்டத்தின் எழுத்தும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் 1991-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், தேவையற்ற, தவிர்க்கக்கூடிய வன்முறை, கொடூரக் காட்சிகள் கூடாது என்கின்றன. கூடவே, படத்தை அதன் முழுமையில், ஒட்டுமொத்த விளைவைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கின்றன. 'தேவையற்ற' என்ற சொல்லில்தான் விலை பற்றிய கேள்வி அடங்கியிருக்கிறது. நடைமுறையிலோ, வெட்டு எத்தனை நொடி, கெட்ட சொல் எத்தனை என்ற எண்ணிக்கையே மேலோங்குகிறது. முகமற்ற முப்பது பேரின் சாவு சில நொடி மங்கலாக்கலோடு குடும்பப் படமாகிவிடுகிறது.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த இரண்டு வழக்குகள் இந்தக் குழப்பத்தின் இரு முனைகள். 2023 ஆகஸ்டில் வெளியான 'ஜெயிலர்' படத்துக்கு அளிக்கப்பட்ட 'யு/ஏ' சான்றிதழ், அதிலுள்ள வன்முறைக்குப் பொருந்தாது என்று பொதுநல வழக்கு தொடரப்பட்டது, அது தள்ளுபடியானது. 2025 ஆகஸ்டில் 'கூலி' படத்துக்கு 'ஏ' சான்றிதழ் அளிக்கப்பட்டபோது, அதை 'யு/ஏ' ஆக்கக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்றது. அந்தக் கோரிக்கையையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. சான்றிதழ் என்பது பெற்றோருக்கான எச்சரிக்கை என்ற நிலை மாறி, வசூலை முடிவுசெய்யும் உரிமமாகிவிட்டதை இரண்டாவது வழக்கு காட்டுகிறது. குழந்தைகளோடு வரும் குடும்பம் நான்கு சீட்டு வாங்கும்; 'ஏ' என்றால் அந்த நான்கும் போய்விடும். ஆகவே வளர்ந்தோருக்கான படம் எடுத்துவிட்டு, குழந்தைகளுக்கும் சீட்டு விற்க விரும்பும் முரண்பாடு எழுகிறது. இது கலைஞனின் சுதந்திரம் பற்றிய வழக்கன்று; அரங்கின் இருக்கைகள் பற்றிய வழக்கு.

2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 'யுஏ' என்ற ஒரே பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் இந்த வயதுக் குறிப்பு பெற்றோரின் சிந்தனைக்கு மட்டுமே. அதைச் செயற்படுத்தும் பொறுப்பு வேறு எவருக்கும் இல்லை என்று அதே சட்டம் தெளிவாக்கிவிட்டது. 'யுஏ 16+' படத்துக்கு ஏழு வயதுக் குழந்தையைத் தந்தை கூட்டிச்சென்றால் வாயிற்காப்போன் தடுக்கத் தேவையில்லை. அப்படியெனில், அந்தத் தந்தைக்குப் போதிய தகவல் கிடைத்திருக்க வேண்டும். சுவரொட்டியின் ஓர் ஓரத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் அச்சிடப்பட்ட எழுத்து தகவல் ஆகுமா?

கைப்பேசி இந்த ஏற்பாட்டையே பொருளற்றதாக்கிவிட்டது. 'மார்கோ' படத்தைத் தொலைக்காட்சியில் காட்டத்தக்க வகையில் மறுசான்றளிக்க முடியாது என்று 2025 மார்ச்சில் தணிக்கை வாரியம் மறுத்தது. அதற்கு முன்பே பிப்ரவரியில் அது இணையத் திரைத் தளத்தில் வெளியாகிவிட்டது. வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடிப் பார்க்கும் பெட்டியில் தடை. பிள்ளை போர்வைக்குள் வைத்துப் பார்க்கும் சிறு திரையில் தடையில்லை. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் இத்தளங்கள் வயதுப் பிரிவையும் பெற்றோர் பூட்டையும் வைக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அதே படத்திலிருந்து வெட்டி எடுத்து, இசை சேர்த்து, முப்பது நொடிக் காணொளியாகக் கைமாறும் கொலைக் காட்சிக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. கவனித்துப் பாருங்கள். படத்துக்குள் அந்தக் கொலைக்கு ஒரு விலை இருந்திருக்கலாம். அழும் தாய் இருந்திருக்கலாம். வெட்டி எடுப்பவர் அழுகையை விட்டுவிட்டு வெட்டை மட்டும் எடுக்கிறார். விலையுள்ள இரத்தமும் கைப்பேசிக்குள் விலையில்லா இரத்தமாகிவிடுகிறது.

திரை வன்முறை நேரடியாகக் குற்றவாளிகளை உருவாக்குகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவில்லை. நானும் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். 'ஈவில் டெட்' பார்த்த எங்கள் தெருவில் எவரும் கோடரி எடுக்கவில்லை. என் கவலை வேறு. உயிர் மலிவானது என்ற விலைக்குறியை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளை, உண்மையான இழப்பைக் கண்டால் அதை எப்படி அளவிடும்?

அந்த ஒரு வாரம்

இந்த இடத்தில் எங்கள் பகுதி மறக்க முடியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'ஆயிரத்தில் ஒருவன்' மீண்டும் திரைக்கு வந்த 2021 டிசம்பர் 31-க்கு முந்தைய நாள், நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அருகிலுள்ள பயிற்சித் தளத்தில் நடந்த துப்பாக்கி சுடும் பயிற்சியின்போது பறந்து வந்த குண்டு அது. புதுக்கோட்டையிலும் பின்னர் தஞ்சாவூரிலும் மருத்துவர்கள் போராடினர். 2022 ஜனவரி 3 அன்று அச்சிறுவன் இறந்தான். தமிழகமே அதிர்ந்தது, பயிற்சி நிறுத்தப்பட்டது, அரசு இழப்பீடு அறிவித்தது.

அந்தச் சாவுக்கும் எந்தப் படத்துக்கும் தொடர்பில்லை. தொடர்புபடுத்துவது அநீதி. நான் சொல்ல வருவது அளவைப் பற்றி. ஒரு குண்டு, ஒரு சிறுவன். அதற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை, ஒரு வட்டாரமே கொடுத்த துயரம், ஐந்து நாள் ஒரு மாநிலம் அடக்கிக்கொண்ட மூச்சு. உண்மையில் இரத்தம் சிந்தும்போது இவ்வளவு ஆகிறது. அதே வாரத்தில் எங்கோ ஓர் அரங்கில் ஏதோ ஒரு நாயகன் நொடிக்கு ஒருவராகச் சாய்த்துக்கொண்டிருந்திருப்பான். எவரும் கணக்கு வைத்திருக்கமாட்டார்கள். இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை வளர்ந்தவர்கள் தாண்டிவிடுவர். இது வேறு, அது வேறு என்று அவர்களுக்குத் தெரியும். ஏழு வயதில் அந்தத் தூரம் தெரியாது. அதனால்தான் அந்தத் தாயின் மகன் இரவில் அலறினான். அவன் படத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. இரத்தத்தை இரத்தமாகவே பார்த்தான். ஒரு விதத்தில், அன்று அரங்கில் இருந்தவர்களிலேயே மிக நேர்மையான பார்வையாளன் அவன்தான்.

செய்யத்தக்கவை

தடை தீர்வன்று. தடை செய்யப்பட்டதற்கு மதிப்புக் கூடும் என்பது பொருளியலும் அறிந்தது, பிரிட்டனின் வீடியோ வேட்டையும் காட்டியது. வேண்டுவது தகவலும் பொறுப்பும்.

முதலாவதாக, சான்றிதழ் எழுத்தோடு அதற்கான காரணமும் ஒரு வரியில் தமிழில் இடம்பெற வேண்டும். 'உடல் சிதையும் காட்சிகள் உண்டு', 'குழந்தைகள்மீதான கொடுமை உண்டு' என்று சுவரொட்டியிலும், நாளிதழ் விளம்பரத்திலும், சீட்டுப் பதிவுச் செயலியிலும் படிக்கும் அளவில் இருக்கட்டும். பிரிட்டனின் தணிக்கை வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் இத்தகைய குறிப்பை நெடுங்காலமாக வெளியிட்டுவருகிறது. சிகரெட் அட்டையில் எச்சரிக்கையும், பிஸ்கட் பொட்டலத்தில் உட்பொருள் பட்டியலும் அச்சிட முடிந்த நாட்டில் இது இயலாததன்று.

இரண்டாவதாக, வன்முறையை நொடிக் கணக்கில் அளக்காமல், வழிகாட்டு நெறி சொல்வதுபோல் படத்தின் முழுமையில் அளக்கும் பழக்கத்துக்கு வாரியம் திரும்ப வேண்டும். அளவில் குறைவானாலும் கொலையைக் கொண்டாட்டமாக்கும் காட்சி, அளவில் மிகுந்தாலும் கொலையைத் துயரமாக்கும் காட்சியைவிடக் குழந்தைக்குத் தீங்கானது.

மூன்றாவதாக, வளர்ந்தோருக்கான படம் எடுப்பவர் அதை வளர்ந்தோருக்கே விற்கும் துணிவைப் பெற வேண்டும். 'ஏ' என்பது இழிவுக் குறியன்று; நேர்மையான முகவரி. 'ஆயிரத்தில் ஒருவன்' முதல் நாளிலிருந்தே சரியான பார்வையாளரை அடைந்திருந்தால், பதினோராண்டு காத்திருக்க நேர்ந்திருக்காது. ஏழு வயதுச் சிறுவர்கள் அலறவும் நேர்ந்திருக்காது. படத்துக்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் நன்மை செய்யும் ஏற்பாடு அது.

நான்காவது, நம் கையில் இருப்பது. கல்லூரிகளிலும் நூலகங்களிலும் இத்தகைய படங்களை முழுதாகத் திரையிட்டு, பிறகு அமர்ந்து பேசும் வழக்கம் பெருக வேண்டும். வெட்டப்பட்ட முப்பது நொடிக்கு மாற்று, வெட்டப்படாத மூன்று மணி நேரமும் அதன்பின் ஒரு மணி நேர உரையாடலும்தான்.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது அந்த இளைஞரிடம், விஜயாலய சோழீசுவரம் பெயரில் சோழரைத் தாங்கினாலும், அதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்னும் முத்தரையர் தலைவன் என்று கல்வெட்டு சொல்வதைக் காட்டினேன். மழையால் சிதைந்ததைப் பின்னர் மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. கட்டியவன், சிதைத்தது, சீர்செய்தவன் என்று மூன்றையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். "ஒரு கட்டடத்துக்கே இவ்வளவு கணக்கு வச்சிருக்காங்களே சார்" என்றார் அவர்.

பிறகு தாயைப் பார்த்து, "அம்மா, இன்னொரு தடவை முழுசாப் பாக்கலாமா? கடைசி வரைக்கும்?" என்று கேட்டார். அவர் சற்று யோசித்தார். "பாக்கலாம். உன் அக்கா மகனைத் தூங்க வச்சிட்டு" என்றார்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)